மூடப்பட்ட புகார்

"டீச்சர், நான் எழுதினதை எல்லாம் அழிச்சிடுங்க."

மாடிப்படி ஏறி வந்ததும் கோதண்டம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ஸக்கீனா டீச்சர் தலையைத் தூக்கவில்லை. எரிந்துபோன ஒரு தண்ணீர் மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தொண்ணு... நாப்பத்திரெண்டு..."

"டீச்சர், நான் பேசறது கேக்குதா?"

"நாப்பத்திமூணு. கேக்குது. சொல்லுங்க சார்."

கோதண்டத்துக்கு வயது ஐம்பத்து மூன்று. பாறைக்குளம் மின் கூட்டுறவுச் சங்கத்தில் கட்டுப்பாட்டு அறை பொறியாளர். டீச்சர் அவரைவிடப் பதினோரு வயது இளையவர். பத்து வருடங்களுக்கு முன் பாலிடெக்னிக்கின் மாலை வகுப்பில், தன் மகன் வயதுப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, கணினிக்கு நிரல் எழுத அவரிடம் கற்றுக்கொண்டவர் கோதண்டம். அன்றிலிருந்து அவர் டீச்சர், இவர் சார்.

டீச்சர் பிறகு அந்த வேலையை விட்டுவிட்டார். இப்போது பிழைப்புக்கு மோட்டார் சுற்றுகிறார். மிச்ச நேரமெல்லாம் 'கிளைவழி'யைக் கவனித்துக்கொள்வதற்கு.

கிளைவழி ஒரு மென்பொருள். ஊரில் எந்தத் தெருவில் மின்சாரம் ஓடுகிறது, எங்கே நின்றிருக்கிறது, எந்தச் சுவிட்சைத் திறந்து எதை மூடினால் இருட்டில் இருக்கும் தெருவுக்கு வேறு வழியாகக் கொண்டுபோகலாம் என்று திரையில் காட்டும். அது யாருடைய சொத்தும் இல்லை. கோதண்டம் உட்படப் பல ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுதியது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், படிக்கலாம், திருத்தலாம், விற்கக்கூடச் செய்யலாம்.

ஒரே ஒரு நிபந்தனை. திருத்தி இன்னொருவருக்குக் கொடுத்தால், திருத்தியதையும் எல்லாரும் பார்க்கத் திறந்து வைக்க வேண்டும்.

"எதுக்கு அழிக்கணும்?" என்றார் டீச்சர்.

"திருடங்க கையில போய்ச் சேருதே, அதுக்கு!"

கோதண்டம் உட்காராமலே சொன்னார்.

"போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, காலைல பத்து மணி. ரைஸ்மில் தெருவுல கம்பி அறுந்து தொங்குதுன்னு போன் வந்தது. சப்ஸ்டேஷன்ல பிரேக்கரைத் திறந்து கரண்டை நிறுத்தச் சொன்னேன். திறந்தாங்க. ஸ்கிரீன்ல அந்தத் தெரு மொத்தமும் சாம்பல் நிறமாச்சு. கரண்ட் இல்லேன்னு அர்த்தம். லைன்மேன் பேச்சிமுத்துவுக்கு நான்தான் போன் பண்ணேன். லைன் செத்திருக்கு, ஏறுன்னு சொன்னேன்."

"ஏறினாரா?"

"ஏறினான்."

டீச்சர் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"மில் கூரை முழுக்க சோலார் தகடு. பிரேக்கரைத் திறந்தா அது தானா நிக்கணும். நிக்கல. கூரையிலேருந்து கரண்ட் திரும்பி லைனுக்கு வந்துட்டிருந்தது."

"ஸ்கிரீன்ல?"

"சாம்பல்தான்."

பேச்சிமுத்துவின் வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"கம்பெனி என்ன சொல்லுது தெரியுமா?" பையிலிருந்து ஒரு தாளை உருவினார். உரக்கப் படித்தார். "'இது மென்பொருள் கோளாறு அல்ல. களப்பணியாளர் விதிப்படி தரை இணைப்புக் கம்பி போடாமல் ஏறியதே விபத்துக்குக் காரணம்.' கேட்டீங்களா? அந்தக் கம்பி, எர்த் ராடு, மூணு குழுவுக்கு ஒரே ஒரு செட்தான். அன்னைக்கு அது எட்டு மைல் தள்ளி இன்னொரு கம்பத்துல இருந்தது. எல்லாருக்கும் தெரியும். கை போனவன் மேலயே பழி!"

"எந்தக் கம்பெனி?"

"எங்க சங்கத்துக்கு மென்பொருள் வித்த கம்பெனி. அது நம்ம கிளைவழிதான் டீச்சர்! அப்படியே எடுத்து, நிறத்தை மாத்தி, பேரை மாத்தி, பூட்டி வித்துட்டான். முழுக்கத் தங்களோட சொந்தப் படைப்புங்கறான். உள்ள திறந்து பார்க்கக் கூடாதுன்னு எங்ககிட்ட கையெழுத்து வாங்கியிருக்கான்."

"நம்மளோடதுன்னு எப்படித் தெரியும்?"

"சாம்பல் நிறத்துக்குப் பக்கத்துல 'மின்னிணைப்பு இல்லை'ன்னு வருமில்ல, அதை எழுதினவன் நான். மூணு சுழி ண போட வேண்டிய இடத்துல ரெண்டு சுழி ன போட்டுட்டேன். 'மின்னினைப்பு இல்லை.' நம்மகிட்ட யாரோ அப்புறம் திருத்திட்டாங்க. அவன் ஸ்கிரீன்ல இன்னும் ரெண்டு சுழிதான் இருக்கு."

டீச்சர் லேசாகச் சிரித்தார். கோதண்டம் சிரிக்கவில்லை.

"பூட்டாம இருந்திருந்தா நான் பார்த்திருப்பேன். கரண்ட் சப்ஸ்டேஷன்லேருந்து மட்டும்தான் வரும்னு கணக்குப் போடற வரி அது. வீட்டுக் கூரையிலேருந்தும் வரும்னு ரெண்டு வரி சேர்த்தா முடிஞ்சது. யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அரை மணி நேரத்துல சரி பண்ணியிருப்பேன்!"

டீச்சரின் கை நின்றது.

"யாராவது சொல்லியிருந்தா?"

"அரை மணி நேரம் டீச்சர்! ஒரு கை மிஞ்சியிருக்கும்!"

டீச்சர் கம்பியின் நுனியை முடிச்சுப் போட்டார். எழுந்து போய்க் கணினியில் எதையோ தேடினார். பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. அதைக் கொண்டுவந்து கோதண்டத்திடம் நீட்டினார்.

"இதையும் படிங்க. சத்தமா."

மேலே ஒரு புகார் இருந்தது. கோதண்டம் படித்தார்.

"'ஐயா, சோலார் வைத்த வீட்டுப் பக்கம், பிரேக்கர் திறந்த பிறகும் கம்பியில் கரண்ட் இருக்கிறது. திரையில் இல்லை என்று காட்டுகிறது. நேற்று நான் தப்பித்தேன். பார்த்துச் சரி செய்யவும். மதியழகன், லைன்மேன்.'"

கீழே பதில்.

"'இது மென்பொருள் கோளாறு அல்ல. களப்பணியாளர் விதிப்படி தரை இணைப்புக் கம்பி போட்ட பிறகே ஏற வேண்டும். புகார் மூடப்படுகிறது.'"

கோதண்டத்தின் முகம் சிவந்தது.

"பாத்தீங்களா! அதே வார்த்தை! யார் இவன்? ஒரு நாளாவது கம்பத்துல ஏறியிருப்பானா? ஒருத்தன் உயிர் தப்பி வந்து எழுதியிருக்கான். எந்த ஊரு, என்ன ஆச்சுன்னு கேக்கல. அடிபட்டுதான்னு கேக்கல. மூணு வரி. கதவைச் சாத்திட்டான்! இவனை மாதிரி ஆளுங்களாலதான்..."

மூச்சு வாங்கியது அவருக்கு.

"இதைக் கம்பெனிக்காரன் மூஞ்சியில விட்டெறியறேன். எங்கே கிடைச்சுது உங்களுக்கு?"

"தேதியைப் பாருங்க சார்."

பார்த்தார். ஆறு வருடங்களுக்கு முந்தைய தேதி.

அந்தக் கம்பெனி ஆரம்பித்தே ஐந்து வருடங்கள்தான் ஆகிறது.

இன்னொரு முறை படித்தார். இந்த முறை சத்தமில்லாமல். 'களப்பணியாளர்' என்ற சொல்லில் கண் நின்றது. கிளைவழியில் எல்லாரும் லைன்மேன் என்றுதான் எழுதுவார்கள். ஒரே ஒருவர்தான் விடாப்பிடியாகக் களப்பணியாளர் என்று எழுதுவார். அந்த ஒருவர் எழுதிய உதவிக் குறிப்பின் வார்த்தைகளையும் கம்பெனிக்காரன் மென்பொருளோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

கோதண்டம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பேரு எங்க இருக்கு?"

"பின்பக்கம்."

அவர் தாளைத் திருப்பவில்லை.

கீழே கடையில் யாரோ ஒரு மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்தார்கள். அது கொஞ்ச நேரம் உறுமி நின்றது.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"செவ்வாய்க்கிழமை விசாரணை. இதை அவங்க பார்த்தா என்னைத்தான் பிடிப்பாங்க. எழுதினவன் நான், புகாரை மூடினவன் நான், ஏறுன்னு சொன்னவனும் நான். கம்பெனி தப்பிச்சிடும். எனக்கு இன்னும் அஞ்சு வருஷம் சர்வீஸ் இருக்கு." தாளை நாலாக மடித்தார். "மத்ததெல்லாம் இருக்கட்டும். இது ஒண்ணை மட்டும் எடுத்துடுங்க."

டீச்சர் அவரையே பார்த்தார். அதுவரை ஏறாத குரல் இப்போது ஏறியது.

"எதை எடுக்கணும்? மதியழகன் எழுதினதையா, நீங்க எழுதினதையா?"

"ரெண்டையும்."

டீச்சர் நாற்காலியை இழுத்தார். அது தரையில் கீறிச் சத்தம் போட்டது. கணினியில் கடவுச்சொல்லைத் தட்டினார். ஒரு பொத்தானைக் காட்டினார்.

"இதை அழுத்தினா போயிடும். நீங்களே செய்யுங்க. என் விரல் அதுக்கு வராது."

சுற்றி முடித்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார்.

கோதண்டம் நாற்காலியில் உட்கார்ந்தார். மவுஸின் மேல் கை வைத்தார்.

பக்கம் அவர் நினைத்ததைவிட நீளமாக இருந்தது. மூடிய கதவுக்குப் பிறகும் ஆட்கள் அங்கே வந்து நின்றிருந்தார்கள்.

ஒரு மலை ஊரின் பொறியாளர் எழுதியிருந்தார்: "இங்கேயும் இதே கோளாறு. மூடியது தவறு. திரும்பத் திறக்கவும்."

ஏதோ ஒரு தீவு நாட்டிலிருந்து ஒருவர் தன் மொழியில் நாலு வரி எழுதி, தன் ஊர்ப் படத்தையும் சேர்த்திருந்தார். மொழி புரியவில்லை. படம் புரிந்தது. கூரை, சோலார் தகடு, கம்பி, சிவப்பு மையில் ஒரு அம்புக்குறி.

மதியழகன் மறுபடி வந்திருந்தார். நோட்டுத் தாளில் பேனாவால் தெருவை வரைந்து, கம்பங்களுக்கு எண் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். "ஐயா, மூன்றாவது கம்பத்தில் சோதித்துப் பார்த்தேன். இருக்கிறது."

நாலு மாதம் கழித்து அவரே மறுபடியும்: "ஐயா, யாராவது படிக்கிறீர்களா?"

கோதண்டம் அந்த வரியில் வெகு நேரம் நின்றார்.

எல்லாவற்றுக்கும் கடைசியில், நாலு வருடங்களுக்கு முந்தைய தேதியில், டீச்சர் எழுதியிருந்தார்: "மன்னிக்கவும். இரண்டு வருடங்களாக இதை நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டியவள் நான். மதியழகன் சொன்னது சரி. கோளாறு இன்று திருத்தப்பட்டது."

கம்பெனிக்காரன் அதற்கு ஒரு வருடம் முன்பே நகல் எடுத்துக்கொண்டு போய்ப் பூட்டியிருந்தான்.

டீச்சர் திரும்பி வந்தபோது கோதண்டம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பொத்தான் அப்படியே இருந்தது.

"எனக்கு ஏன் சொல்லல?"

"பதினோரு தடவை உங்க மெயிலுக்குப் போயிருக்கு. கிளைவழியிலேருந்து எதுவும் வர வேண்டாம்னு நீங்க நிறுத்தி வெச்சிருந்தீங்க."

"ஆமா." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க சங்கம் புதுசா வேற வாங்கப் போகுதுன்னாங்க, இனி இது எதுக்குன்னு... டீச்சர், அந்த மதியழகன் இப்ப எப்படி இருக்கார்?"

"இன்னும் லைன்மேன்தான். மாசத்துக்கு ஒரு புகார் தவறாம வரும்."

கோதண்டம் எழுந்தார்.

"எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துக்கறேன்."

"தாள் அலமாரியில இருக்கு."

பதினேழு தாள் வந்தது. வரிசைப்படுத்தி, ஓரம் தட்டி, பையில் வைத்தார். படி வரை போய்த் திரும்பினார்.

"கோபம் அடங்கல டீச்சர்."

"யாரு அடங்கச் சொன்னது?" என்றார் டீச்சர். அடுத்த மோட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குச் சங்கத்தின் கூட்ட அறையில் விசாரணை ஆரம்பித்தது.

மேஜைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி, கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். இந்தப் பக்கம் சங்கச் செயலாளர், கோதண்டம், கம்பெனியின் பிரதிநிதி. பிரதிநிதி மடிக்கணினியை மூடியே வைத்திருந்தார். கடைசி பெஞ்சில் பேச்சிமுத்து. சட்டையின் வலது கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தாள் அவன் மனைவி.

பிரதிநிதி அறிக்கையை வாசித்தார். அதே வார்த்தைகள். கோதண்டம் தலையைக் குனிந்துகொண்டார்.

"பேச்சிமுத்து, எர்த் ராடு போட்டீங்களா?" என்றார் அதிகாரி.

"இல்ல மேடம். ராடு இல்ல."

"ராடு இல்லாம ஏன் ஏறினீங்க?"

"செத்திருக்குன்னு சொன்னாங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். "சங்கத்துத் தரப்புல ஏதாவது சொல்லணுமா?"

செயலாளர் இல்லை என்று தலையாட்டுவதற்குள் கோதண்டம் எழுந்துவிட்டார். செயலாளர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உக்காருங்க சார்." கோதண்டம் உட்காரவில்லை.

"செத்திருக்குன்னு சொன்னது நான். ஸ்கிரீனைப் பார்த்துச் சொன்னேன். ஸ்கிரீன் பொய் சொல்லிச்சு."

"எங்க மென்பொருள்ல அப்படி ஒரு கோளாறு கிடையாது," என்றார் பிரதிநிதி. "முழுக்க எங்களோட சொந்தப் படைப்பு."

"மேடம், உங்களுக்கு எதிர்ல சுவத்துல அந்த ஸ்கிரீன்தான் ஓடுது. மூலையில பாருங்க. 'மின்னினைப்பு இல்லை.' ரெண்டு சுழி ன. அந்தத் தப்பு என்னோடது. ஏழு வருஷத்துக்கு முன்னாடி கிளைவழிங்கற பொதுவான மென்பொருள்ல நான் எழுதினது. அவங்க சொந்தமா எழுதியிருந்தா என் எழுத்துப்பிழை அங்க எப்படிப் போச்சு?"

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சுவரைப் பார்த்தார். பிரதிநிதியும் திரும்பிப் பார்த்தார். இத்தனை நாள் அவர் அதை வாசித்ததே இல்லை போலும்.

கோதண்டம் பதினேழு தாள்களையும் மேஜையில் பரப்பினார்.

"கோளாறான வரியும் என்னோடதுதான். இது அந்த வரி. இது, ஒரு லைன்மேன் அதைப் பத்தி எழுதின புகார். இது அதுக்கு நான் கொடுத்த பதில்."

அதிகாரி அந்தப் பதிலை எடுத்தார். கம்பெனி அறிக்கையைப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நீங்களா எழுதினீங்க?"

"நான்தான்."

"எப்போ?"

"ஆறு வருஷம் ஆச்சு."

கடைசி பெஞ்சில் அசைவு தெரிந்தது. பேச்சிமுத்து எழுந்து நின்றிருந்தான்.

"ஆறு வருஷம் முன்னாடியே ஒருத்தன் சொல்லியிருக்கானா சார்?"

"ஆமா பேச்சிமுத்து."

"நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன்."

கோதண்டம் பேச்சிமுத்துவின் முகத்தை நேராகப் பார்த்தபடி நின்றார். அங்கே அவருக்கு எந்த ஆறுதலும் இல்லை. அவன் மனைவி அவன் இடது தோளைத் தொட்டாள். அவன் உட்காரவில்லை.

பிரதிநிதியின் முகம் தெளிந்துவிட்டது.

"மேடம், அவரே ஒத்துக்கறார். தப்பு அவரோடது. எங்களுக்கு இதுல பொறுப்பில்ல."

"இருங்க," என்றார் கோதண்டம். "இது நாலு வருஷத்துக்கு முன்னாடியே திருத்தின வரி. எந்த ஊர்க்காரன் சொன்னான், யார் திருத்தினாங்க, எந்தத் தேதின்னு எல்லாம் இங்க இருக்கு. உலகத்துல யாரு வேணும்னாலும் பார்க்கலாம். என் தப்பையும் பார்க்கலாம். நீங்க எடுத்துட்டுப் போய்ப் பூட்டினதுனால அந்தத் திருத்தம் இந்த ஊருக்கு வரல. உள்ள என்ன இருக்குன்னு திறந்து காட்டுங்க. எடுத்துட்டுப் போனப்ப நீங்க ஏத்துக்கிட்ட நிபந்தனையும் அதுதான்."

"அது எங்க வியாபார ரகசியம். காட்ட முடியாது."

அதிகாரி பேனாவை எடுத்தார். கம்பெனி அறிக்கையில் 'களப்பணியாளர்' என்று தொடங்கிய வரியை மெதுவாக, நேர்கோடாக அடித்தார். அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

பிரதிநிதி மடிக்கணினியைக் கையில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். "எங்க வக்கீல் பேசுவார்," என்று வாசலைப் பார்த்து நடந்தார்.

வாசலுக்குப் போகும் வழியில் பேச்சிமுத்து நின்றிருந்தான். நகரவில்லை.

"கொஞ்சம் வழி விடுங்க."

பேச்சிமுத்து மேஜையில் பரப்பிக் கிடந்த தாள்களைப் பார்த்தான். கோதண்டத்தைப் பார்த்தான். பிறகு, பிரதிநிதி மார்போடு அணைத்திருந்த அந்த மூடிய பெட்டியைப் பார்த்தான்.

"அந்த ஆளு காட்டிட்டாரு," என்றான். "இப்ப நீ காட்டு."